ஏரியில் எறியாத மாத்திரைகள்

விழுப்புரத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு ஜெப வீட்டில்தான் முதன்முதலாகச் சாட்சி சொன்னேன். அன்றைக்குச் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால் அது எடுபடவில்லை.

எங்கள் சபைகளில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. யாராவது எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். புது முகம் வந்தால் விட மாட்டார்கள். நானும் எழுந்தேன். காசநோய் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தேன், ஆறு மாதம் மாத்திரை விழுங்கினேன், வார்டில் யாரோ கொடுத்த வேதத்தைப் படித்தேன், பிழைத்துக்கொண்டேன், ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் மட்டும் "ஆமென்" என்றார். அதுவும் கொட்டாவியோடு வந்தது.

எனக்கு அடுத்து ஒரு கொத்தனார் எழுந்தார். சாரத்தில் நிற்கும்போது நல்ல பாம்பு கடித்ததாம். இயேசுவே என்றாராம். பாம்பு அங்கேயே சுருண்டு செத்ததாம். வீடு அதிர்ந்தது. ஜெபம் முடிந்ததும் மூன்று குடும்பத்தார் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரே இடத்தில் ஒரு வருடம் தங்கினேன் என்றால் அது அதிகம். போர்வெல் போடும் லாரியில் ஆந்திரா வரை போனேன். கரும்பு வெட்டினேன். தார் ரோடு போட்டேன். கடைசியாகத் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கல் கிரஷரில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே தூசி சோற்றிலும் கிடந்து பல்லில் அரைபடும். இருமல் அங்கேதான் வந்தது. துண்டில் ரத்தத்தைப் பார்த்த அன்றைக்கு மேஸ்திரி, "நாளைலேருந்து வர வாணாம்பா" என்றார். ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர் யார் என்று கேட்டார்கள். சொல்ல எனக்கு ஆள் இல்லை. அந்த இடத்தில் நர்சு ஒரு கோடு போட்டார்.

வார்டுக்கு வாரம் ஒருமுறை சில பெண்கள் வந்து வாழைப்பழமும் வேதப் புத்தகமும் கொடுப்பார்கள். நான் பழத்துக்காகத்தான் கை நீட்டினேன். புத்தகமும் கூட வந்தது. பொடி எழுத்து, பழைய தமிழ். விரல் வைத்து வரிவரியாகப் படித்தேன். படித்ததில் எனக்குப் பிடித்தது இயேசு வனாந்தரத்தில் பட்டினி கிடந்த கதை. பட்டினி எனக்குத் தெரிந்த விஷயம். பசித்தவனிடம் பிசாசு வந்து கல்லை அப்பமாக்கச் சொல்கிறான். கோபுரத்தின் மேலிருந்து குதிக்கச் சொல்கிறான். எல்லா ராஜ்யத்தையும் தருகிறேன் என்கிறான். மூன்றுக்கும் இவர் வாதம் பண்ணவில்லை. எழுதியிருக்கிறது என்று ஒரு வசனத்தைச் சொல்லி நிறுத்திவிடுகிறார். எட்டாவது படித்தவனும் செய்யக்கூடிய காரியமாக அது எனக்குத் தெரிந்தது.

அப்படித்தான் பீடியை விட்டேன். பீடி ஞாபகம் வரும்போதெல்லாம், உடம்பு தேவனுடைய ஆலயம் என்று வரும் வசனத்தைச் சத்தமில்லாமல் சொல்வேன். சில நாள் நூறு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வாய் உலர்ந்துபோகும். ஆனால் விட்டேன். பிறகு ஒரு டீக்கடைப் பெஞ்சில் யாரோ மறந்து வைத்த செல்போனைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அதற்கும் ஒரு வசனம் இருந்தது. சட்டைப் பையில் சில்லறை வைத்திருப்பது போல ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் கைவசம் வைத்திருந்தேன்.

சோதனை என்றால் அது சாராயக் கடை வாசலில் வரும், பீடிக் கட்டில் வரும் என்று நினைத்திருந்தேன். ஜெப வீட்டுக்குள், பாயின் மேல், தம்புரு தட்டிப் பாடிக்கொண்டிருக்கும்போது வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது சாட்சியை மயிலம் பக்கத்தில் ஒரு சபையில் சொன்னேன். அங்கே மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலைந்து அல்லேலூயா கிடைத்தது. ஒரு வீட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டார்கள். மூன்றாவது ஊரில் யாரோ ஒருவர், "மருந்து மாத்திரை எதுவும் சாப்புடலியா பிரதர்?" என்று ஆசையாகக் கேட்டார். ஏரியில் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று வாய் சொல்லிவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னதும் அந்த ஏரி எனக்குக் கண்ணில் தெரிந்தது. கருவேல மரம், மதகு, தண்ணீரில் மிதந்து போன மாத்திரை அட்டை, எல்லாம் தெரிந்தது. அடுத்த ஊரில் அதையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

இன்னொன்றையும் சேர்த்தேன். அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும். பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம்தான் அது என்று ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நான் என் சாட்சியில் அதை ரத்தமாக்கினேன். "மாத்திரை என் ரத்தத்தைக் குடிச்சிது. ஏரில வீசினேன். அன்னிக்கே ரத்தம் நின்னுபோச்சி" என்றேன். பெண்கள் வாயில் முந்தானையை வைத்து அழுதார்கள். சிவப்பாகப் போனது நிஜம் என்பதால் அதைச் சொல்லும்போது என் குரல் தடுமாறவே இல்லை.

இப்படிப் பதினைந்து, இருபது சபை. சாப்பாடு, படுக்க இடம், சில இடங்களில் ஒரு சட்டை. நான் காணிக்கை வாங்கியதில்லை. அதை ஒரு யோக்கியதையாக மனதில் வைத்திருந்தேன்.

ஒலக்கூர் பக்கத்தில் ஒரு காலனியில் இருந்த சபைக்கு மாசி மாதம் போய்ச் சேர்ந்தேன். சிமெண்டு ஷீட் போட்ட கூடம். பின்னால் ஒரு சின்ன அறை. பாஸ்டர் வாரத்தில் ஐந்து நாள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நல்ல மனிதர். என் சாட்சியைக் கேட்டதும் அந்த அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். பகலில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளுக்குக் களை எடுக்கப் போனேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து ஏரியைப் பற்றிச் சொன்னேன். வெளியூர் ஆட்கள் கேட்க வந்தார்கள். ஒரு வருடம் தாண்டியும் இங்கேயே இருக்கலாம் போல என்று வாழ்க்கையில் முதன்முறையாகத் தோன்றியது.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் சொல்லி முடித்த பிறகு, பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். களை எடுக்கும் கும்பலில் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து வயதிருக்கும். வேலையில் வேகமானவள். யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பாள். சபையில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"எனுக்கு சாட்சில்லாம் சொல்லத் தெரியாதுங்க" என்றாள். "எங்க ஊட்டுக்காரரு கிரஷருக்குப் போய்க்கினு இருந்தாரு. நெஞ்சுல சீக்குன்னு மாத்திரை குடுத்துக்கினு இருந்தாங்க. அண்ணன் சொன்ன மாறியே செவப்பா போச்சிங்க அவருக்கும். ரத்தம்தான் போவுதுன்னு எனுக்கு பயம். யாராண்டயும் சொல்லல. பங்குனி பொறந்தப்ப அண்ணன் சாட்சியக் கேட்டுட்டு, போயி மொத்த மாத்திரையும் கெணத்துல போட்டுட்டேன். அன்னைலேருந்து செவப்பா போறது நின்னுபோச்சிங்க. ஸ்தோத்திரம்."

கூடம் முழுக்கக் கை தட்டியது. பாஸ்டர் மைக்கில் அல்லேலூயா என்றார். பக்கத்தில் இருந்தவர் என் முதுகில் தட்டி, "உங்களாலதான் பிரதர்" என்றார்.

நான் கணக்குப் போட்டேன். பங்குனி, சித்திரை. ஏழு வாரம். வார்டில் எனக்கு அடுத்த படுக்கையில் இருந்தவர் இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர். அவரைத் துணி போர்த்தி வெளியே கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

ஜெபம் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். சபையிலிருந்து மூன்றாவது வீடு. அவள் புருஷன் வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என் வயதுதான். கட்டிலுக்குக் கீழே சாம்பல் போட்ட ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதில் துப்புவான். நான் எட்டிப் பார்த்தேன். சாம்பலுக்கு மேலே சிவப்பு. இது மருந்தின் நிறம் இல்லை.

"வாங்க" என்றான். "நீங்கதான அந்த ஏரிக்காரரு? இவ சொல்லிக்கினே இருப்பா." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. கட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினான். மரத்தில் கட்டியிருந்த வெள்ளாடு மிரண்டு எழுந்து நின்றது.

"மாத்திரைய நிறுத்தாம இருந்திருக்கலாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல. ஜெபம் பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இது என் பழக்கம். எங்கே கொஞ்சம் நெருக்கடி வந்தாலும் கிளம்பிவிடுவேன். அதற்கு முன்னால் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. கண்டக்டர்கள் செங்கல்பட்டு, தாம்பரம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். ஏறி உட்கார்ந்தால் மதியத்துக்குள் எங்காவது ஒரு கட்டடத்தில் சித்தாள் வேலை கிடைத்துவிடும். என்னை அங்கே யாருக்கும் தெரியாது.

பெஞ்சில் உட்கார்ந்து வேதத்தை எடுத்தேன். வனாந்தரத்துக் கதை இருக்கும் பக்கத்தில் என் சிகிச்சை அட்டையை அடையாளத்துக்கு வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். மாத்திரையை விழுங்கியதும் ஒரு டிக். ஆறு மாதமும் நிரம்பியிருந்தது. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. இன்னும் நாற்பது சபையில் பொய் சொல்லப் போயிருந்தாலும் இந்த அட்டையை நான் தூக்கிப் போட்டிருக்க மாட்டேன். என் வாழ்க்கையில் முழுசாக முடித்த ஒரே காரியம் அதுதான்.

பிறகு பத்துக் கட்டளை இருக்கும் இடத்தைத் தேடினேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எனக்குத் தெரியும். அதைச் சண்டையில், கோர்ட்டில், போலீஸ் ஸ்டேஷனில் சொல்கிற பொய் என்று வைத்திருந்தேன். யாருக்கும் விரோதமாக நான் சொல்லவில்லையே, கர்த்தருக்குச் சாதகமாகத்தானே சொன்னேன் என்று இருந்தேன். விரல் வைத்துப் படித்தபோது அங்கே பிறன் என்று இருந்தது. பிறனுக்கு விரோதமாகச் சொல்லாதே என்று. என் பிறன் மூன்றாவது வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் துப்பிக்கொண்டிருந்தான்.

தாம்பரம் பஸ் கிளம்பியது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "வர்றியா, இல்லியாய்யா? சும்மா பேஜாரு பண்ணாத" என்றார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொண்டே ஒலக்கூர் பஸ் ஏறினேன். பீடிக்குச் சொன்னதைவிட அதிகம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் பாஸ்டரிடம் சொன்னேன். ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். பாதியிலேயே துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"எல்லாமே பொய்யா பிரதர்?"

"சீக்கு வந்தது நெசம். பொழச்சது நெசம். மாத்திரை சாப்ட்டுதான் பொழச்சேன்."

பாஸ்டர் துணியை எடுத்துப் பிழிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்க சாட்சியால பதினோரு பேரு ஞானஸ்நானம் எடுத்துகினாங்க. அவங்களுக்கு நான் இன்னா சொல்றது? இயேசுவோட தழும்புகளால நாம கொணமானோம்னு வேதத்துலயே எழுதிக்கீது இல்ல? இப்ப நீங்க எழுந்து மாத்திரைன்னு சொன்னா, அந்த வசனம் பொய்யின்னு ஆவாதா? அந்த சிஸ்டராண்ட நான் தனியா பேசி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவச் சொல்றேன். சபையில வாணாம் பிரதர்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். கோபுரத்தின் மேல் நின்றபோது பிசாசும் வசனத்தைத்தான் சொன்னான், எழுதியிருக்கிறது என்றுதான் அவனும் ஆரம்பித்தான் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. பாஸ்டர் பிசாசு இல்லை. என்னைவிட நூறு மடங்கு நல்லவர். ஆனால் அவர் அவளிடம் தனியாகப் பேசினால் அவள் கேட்க மாட்டாள். எல்லாருக்கும் முன்னால் கேட்டதை நம்பித்தான் அவள் கிணற்றடிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். வழக்கமான கதை வரும் என்று சிலர் அப்போதே சிரித்த முகத்தோடு இருந்தார்கள்.

"நான் ஏரில மாத்திரை போடல. ஆறு மாசமும் முழுங்கினேன். செவப்பா போனது ரத்தம் இல்ல, மருந்து. நான் சொன்னது பொய். யாரும் மாத்திரைய நிறுத்தாதீங்க" என்றேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "சாத்தான் பிரதர சோதிக்கிறான்!" என்று கத்தினாள். அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் எழுந்து என்னைச் சுற்றிக்கொண்டது. தலையில் கை, தோளில் கை, நெற்றியில் எண்ணெய். விசுவாசத்தை விட்டு விழப் பார்க்கிறேன் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். எனக்காக அழுதார்கள். பிசாசை எதிர்த்து நிற்கும் வசனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி என்மேல் ஊதினார்கள். நான் வார்டில் கிடந்து படித்த அதே வசனங்கள்.

"அறிக்கை பண்ணு பிரதர்! கெடச்ச சொகத்த விடாத!" என்று யாரோ கத்தினார்.

அந்தக் கைகளுக்கு நடுவில் புகுந்து அவள் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கல் மாதிரி இருந்தது அவள் கை.

"அண்ணே, போட்டேன்னு சொல்லிடுண்ணே. ஏரில போட்டேன்னு சொல்லிடு. ஒன்ன நம்பித்தாண்ணே நான் செஞ்சேன். சொல்லிடுண்ணே."

ஒரே ஒரு வார்த்தை. போட்டேன் என்றால் எல்லாக் கையும் இறங்கிவிடும். மதியம் யார் வீட்டிலாவது கறிச் சோறு. அந்த அறை எனக்கே. அவள் முகத்தில் இருந்த பயமும் அந்த நொடியில் போய்விடும். அவளுக்காகவாவது சொல்லலாமே என்று தோன்றியது. வாய் கிட்டத்தட்டத் திறந்துவிட்டது.

கைவசம் வைத்திருந்த வசனம் எதுவும் அப்போது வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் படித்த அந்த ஒரு வரி மட்டும் இருந்தது. அதைச் சத்தமாகச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்கள் ஜெபச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்களும் எனக்குள்ளிருந்து பிசாசு போகிறான் என்று நினைத்து இன்னும் அழுத்தினார்கள்.

கையை விடுவித்து வேதத்தைத் திறந்து அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த அட்டையைத் தெரியும். "இதே அட்டை எங்கூட்லயும் கீது" என்றாள். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனாள். சுற்றிலும் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவள் கடைசிக் கட்டம் வரை போனாள். எங்கேயாவது காலியாக ஒன்று இருக்குமா என்றுதான் தேடினாள் என்று நினைக்கிறேன். பிறகு அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு முதல் பஸ்ஸில் அவளும் அவனும் ஏறினார்கள். நானும் ஏறினேன். வராதே என்று அவள் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சளியை எடுத்துப் பரிசோதித்தார்கள். சில நாள் கழித்து டாக்டர் அவளை உட்கார வைத்துச் சொன்னார். பழைய மாத்திரைக்கு நோய் இனி அடங்காது. வேறு மருந்து தர வேண்டும். நாளாகும். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அவள் என்னைக் காட்டிக் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். "புத்தி கெட்டுப் போச்சிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் வேலைக்குப் போக வேண்டும். மாமியார் வீட்டிலிருந்தோ அம்மா வீட்டிலிருந்தோ வந்து இருக்க ஆள் இல்லை. கூட இருப்பவர் யார் என்று நர்சு கேட்டபோது நான் என் பேரைச் சொன்னேன். மூன்று மாதத்தில் நாலு தடவை சேர்த்தோம். நாலு தடவையும் நான்தான் இருந்தேன். பாஸ்டர் அந்த அறையைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் நான் கூடத்துக்குள் நுழைந்தால் சாட்சி நேரத்தை விட்டுவிட்டு நேராகப் பிரசங்கத்துக்குப் போய்விடுவார்.

அவள் புருஷனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முதல் நாளே நான் சொல்லிவிட்டேன். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கும் தெம்பு அவனிடம் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வேளையும் மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னா ஏரிக்காரரே, இத எந்த ஏரில போடலாம்? ஒலக்கூர் ஏரில தண்ணி கீதா?" என்பான். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். விழுங்க முடியாமல் வாந்தி எடுப்பான். வாயைத் துடைத்துவிட்டு அடுத்த மாத்திரையைக் கொடுப்பேன். அதையும் வாங்கிக்கொண்டு, "மண்டைல இம்மாம் பொய்யி வச்சிகினு, கை மட்டும் மாத்திரைய கரெக்டா குடுக்குது பாரு" என்பான்.

இன்னொரு நாள் கேட்டான். "அப்ப நெசமாவே ஏரின்னு ஒண்ணு இல்லியா?"

"இல்ல."

"கருவேல மரம், மதகுன்னுல்லாம் சொன்னியாமே?"

"அதுவும் இல்ல."

"அடப்பாவி" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாஸ்டர் இரண்டு முறை வந்து ஜெபித்தார். இரண்டு முறையும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆடி மாதம் ஒரு மதியம். சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்துபோன பிறகு அவன் மூச்சு மாறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நர்சைக் கூப்பிட்டேன். ஆக்சிஜன் வைத்தார்கள். நான் அவன் காதருகில் குனிந்து, "ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்டேன்.

மாஸ்கைக் கையால் ஒதுக்கினான். "நீ பண்ண ஜெபம் போதும். தண்ணி குடு" என்றான்.

கொடுத்தேன். பாதி வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆட்டுக்குத் தழ போட்டாளா?" என்றான். போட்டிருப்பாள் என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. அவள் வேலையை விட்டு ஓடி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

சுடுகாட்டில் சபைக்கு என்று ஒதுக்கியிருந்த மூலையில் புதைத்தோம். பாஸ்டர் ஜெபித்தார். விசுவாசிகள் பாடினார்கள். என்னை யாரும் விரட்டவில்லை. என் பக்கத்தில் யாரும் நிற்கவும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்றுதான் போனேன். பை என் தோளில் இருந்தது. வேப்ப மரத்தடியில் கட்டிலைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தாள். ஆடு கத்திக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள்.

"அண்ணே, நீதான கூட இருந்த? கடைசில இயேசுவ கூப்ட்டாரா?"

நான் பை வாரை இழுத்துச் சரிசெய்தேன்.

"கூப்ட்டுருப்பாரு இல்ல? சாவறப்ப ஒருதபாவாவது கூப்ட்டுருந்தா போதும்ன்றாங்க. பரலோகத்துல பாப்பேன் அவர. வாயால சொல்லலன்னாலும், ஒதடு அசஞ்சிதா? நீ பாத்தியா?"

ஆமாம் என்றால் போதும். இந்தப் பொய்யால் யாரும் சாகப் போவதில்லை. சாக வேண்டியவன் செத்துவிட்டான். இதனால் எனக்குச் சோறும் கிடைக்காது, படுக்க இடமும் கிடைக்காது. எனக்கு ஆதாயமே இல்லாத ஒரு பொய் வாழ்க்கையில் முதன்முறையாக வந்து நின்றது. அது இரக்கமாகவும் இருந்தது. உதடு அசைந்தது என்று சொன்னால், தண்ணீர் கேட்க அசைந்ததே, அது பாதி உண்மைகூட. என் முதல் பொய்யும் அப்படித்தான், பாதி உண்மையாகத்தான் ஆரம்பித்தது.

அந்த ஒரு வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதில் இரக்கத்துக்கு என்று தனியாக எதுவும் எழுதியிருக்கவில்லை.

"கூப்புடலம்மா" என்றேன். "ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டேன். வாணாம்னாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். ஆட்டுக்குத் தழ போட்டாளான்னு கேட்டாரு. அவ்ளோதான்."

அவள் அழவில்லை. ஆட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் ஏரி, மதகு, மரம்னு சொன்ன இல்ல" என்றாள். "எனுக்குன்னு ஒரு பொய்யி வரலியா உனுக்கு?"

என் சிகிச்சை அட்டை இன்னும் அவளிடம்தான் இருந்தது. அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. அவள் எழுந்து, கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு, ஆட்டுக்குத் தழை வெட்டப் போனாள்.